ரூட்டரில் நாள்கணக்காக நீளும் இணைப்புகள்: பலர் பகிரும் வைஃபையில் காரணம் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய தெருக்களில், கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளரும், மேல் மாடிகளில் அறை எடுத்துத் தங்கும் தொழிலாளர்களும், தெருப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையும் இருக்கும் கட்டடங்களில், அனைவருக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் இணைப்பையும் ஒரே ரூட்டரையும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இணையம் மெதுவாகிவிட்டது என்று யாரேனும் குறை சொன்னதும், கொஞ்சம் விவரம் தெரிந்த ஒருவர் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். அங்கே ஏதோ ஓர் இணைப்பு முப்பது மணி நேரமாக, சில வேளைகளில் நான்கு நாளாக, அறுபடாமல் நிற்பதாகத் தெரிகிறது. உடனே சந்தேகம் இரண்டாம் மாடி அறையின் மீது விழுகிறது. கடவுச்சொல்லை மாற்றுவதும், மனவருத்தம் உண்டாவதும், இரண்டு நாள் கழித்து அதே போன்ற இணைப்பு மறுபடி தோன்றுவதும் அடுத்தடுத்து நடக்கின்றன.

ஓர் இணைப்பு நீண்ட நேரம் நிற்கிறது என்பது தனியாக எதற்கும் சான்றாகாது. கடைசி பாக்கெட் (இணையத்தில் தரவு செல்லும் சிறு பொதி) எப்போது போனது, இதுவரை எத்தனை பைட் தரவு போயிருக்கிறது, எந்தத் திசையில் அதிகம் போனது, இணைப்பைத் தொடங்கியது உள்ளேயிருந்தா வெளியேயிருந்தா என்ற நான்கையும் தெரிந்துகொண்ட பிறகே அந்த நேரத்துக்குப் பொருள் கிடைக்கும். கீழே சொல்லும் படிகள் இந்த நான்கையும் கண்டறியும் வரிசையில் அமைந்துள்ளன. முடிந்தவரை இதே வரிசையில் செய்வது நல்லது; ஏனெனில் ரூட்டரை எடுத்த எடுப்பில் அணைத்து ஏற்றினால், பார்க்க வேண்டிய தடயம் முழுவதும் அழிந்துவிடும்.

முதற்படி: எந்த நேரத்தைப் பார்க்கிறீர்கள் என்று உறுதிசெய்தல்

ரூட்டரின் பக்கங்களில் நேரம் பல இடங்களில் வருகிறது. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே பாதிப் புகார்களுக்குக் காரணம். முகப்பில் தெரியும் நேரம் பெரும்பாலும் ரூட்டருக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையிலான இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதைக் காட்டும். அது நீளமாக இருப்பது நல்ல செய்தி. வைஃபை கருவிகளின் பட்டியலில் உள்ள நேரம், அந்த ஃபோன் ரூட்டரோடு எவ்வளவு நேரமாக இணைந்திருக்கிறது என்பதாகும். வீட்டிலேயே இருக்கும் டிவிக்கு அது வாரக்கணக்கில் இருக்கும். டிஹெச்சிபி (கருவிகளுக்கு ரூட்டர் தானாக முகவரி வழங்கும் முறை) பட்டியலில் உள்ள நேரமோ, அந்த முகவரி இன்னும் எவ்வளவு நேரத்துக்கு அந்தக் கருவிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது. இவை மூன்றும் நம் ஆய்வுக்கு உரியவை அல்ல.

நாம் பார்க்க வேண்டியது, உள்ளே இருக்கும் ஒரு கருவிக்கும் வெளியே இருக்கும் ஒரு சர்வருக்கும் இடையே நடக்கும் ஒவ்வொரு தனி இணைப்பையும் ரூட்டர் குறித்துவைக்கும் பட்டியல். உள்முகவரிகள் பலவற்றை ஒரே வெளிமுகவரியாக மாற்றி அனுப்பும் எந்த ரூட்டரும், திரும்பி வரும் பதிலை யாரிடம் சேர்ப்பது என்று அறிய இந்தப் பட்டியலை வைத்திருந்தே ஆகவேண்டும்.

இரண்டாம் படி: பட்டியலைத் திறத்தல்

மைக்ரோடிக் ரூட்டரில் ‘ஐபி’, ‘ஃபயர்வால்’, ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற வரிசையில் சென்றால் பட்டியல் கிடைக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருளை நிறுவிய ரூட்டரில் ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் உள்ள ‘ரியல்டைம் கிராஃப்ஸ்’ பக்கத்தில் ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற பிரிவில் பார்க்கலாம். அந்தப் பக்கம் மாற்றப்பட்ட பைட் அளவைக் காட்டுமே தவிர, காலக்கெடுவை (வரி நீங்க மீதமிருக்கும் நேரத்தை) காட்டாது. காலக்கெடுவும் வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் முறை) வழியாக உள்நுழைந்து, இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுதிவைக்கும் கான்ட்ராக் (இணைப்புப் பட்டியல்) கோப்பை நேரடியாகப் படிக்க வேண்டும்.

கேபிள்காரரோ சேவை நிறுவனமோ கொடுத்துவிட்டுப் போன ஓஎன்டி (ஃபைபர் கேபிள் வந்து சேரும்) பெட்டியில் இந்தப் பட்டியல் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்நிலையில் இரண்டு வழிகள் உண்டு. அந்தப் பெட்டியை வெறும் பாலமாக (ரூட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்துவதாக) மாற்றித்தரச் சொல்லி, பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை வைப்பது முதல் வழி. பத்துப் பதினைந்து பேர் பகிரும் கட்டடத்துக்கு அந்தச் செலவு வீணாகாது என்பது என் கருத்து. இரண்டாவது வழி, கருவிகளின் பக்கமிருந்து தொடங்குவது. விண்டோஸ் கணினியில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து ‘நெட்வொர்க்’ பிரிவில் பார்த்தால் எந்த நிரல் எந்த முகவரியோடு பேசுகிறது என்று தெரியும். கட்டளைச் சாளரத்தில் நெட்ஸ்டாட் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டையும் அதையடுத்து ஏ, என், ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு இணைப்பின் கடைசிப் பத்தியிலும் அதைத் திறந்த நிரலின் எண் வரும். அதே எண்ணை ‘டாஸ்க் மேனேஜர்’ விவரப் பட்டியலில் தேடினால் நிரலின் பெயர் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: அந்த எண்ணைச் சரியாகப் படித்தல்

இந்த வழிகாட்டியில் மிகுந்த கவனம் வேண்டும் இடம் இதுவே.

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ரூட்டர்களின் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் வரும் நொடிக்கணக்கு, இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதன்று. இனிமேல் ஒரு பாக்கெட்டும் வராவிட்டால் ரூட்டர் இந்த வரியை நீக்க எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்பதாகும். மைக்ரோடிக்கில் ‘டைம்அவுட்’ என்ற பத்தியும் அதே பொருளைத்தான் தருகிறது. நிலைபெற்ற டிசிபி (இரு பக்கமும் உறுதிசெய்துகொண்டு தரவு அனுப்பும் முறை) இணைப்புக்கு லினக்ஸ் கர்னல் இயல்பாக வைத்திருக்கும் கெடு 432000 நொடிகள், அதாவது ஐந்து முழு நாள்கள். மைக்ரோடிக்கில் அது ஒரு நாள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் 7440 நொடிகள், அதாவது 2 மணி 4 நிமிடம். ஒவ்வொரு பாக்கெட் கடக்கும்போதும் கணக்கு மறுபடி உச்சிக்கு ஏறி, பிறகு ஒவ்வொரு நொடியாக இறங்கத் தொடங்கும்.

ஆகவே ஒரு வரியில் 431985 என்று இருந்தால், ‘ஐந்து நாளாக யாரோ பயன்படுத்துகிறார்’ என்று எண்ணிவிடக் கூடாது. உச்ச எண்ணிலிருந்து அதைக் கழித்தால் 15 வருகிறது, அதாவது கடைசி பாக்கெட் போய்ப் பதினைந்து நொடிதான் ஆகிறது என்று பொருள். அதே வரியில் 180000 என்று இருந்தால், 252000 நொடிகளாக, ஏறத்தாழ மூன்று நாளாக, அந்த இணைப்பில் ஒன்றுமே போகவில்லை. பார்ப்பதற்குப் பயமுறுத்தும் எண் உயிருள்ள இணைப்பையும், சிறிய எண் செத்துப்போன இணைப்பையும் குறிப்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். கழித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் குழப்பம் இராது.

உண்மையான வயதை அறிய வேண்டுமென்றால் கர்னலில் நேரமுத்திரை வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். இயக்கிய பிறகு தொடங்கும் இணைப்புகளுக்கு மட்டுமே வயது பதிவாகும். அது இயலாதவர்கள், பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சேமித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருபக்க முகவரிகளும் போர்ட் எண்களும் (இணைப்பு எந்தச் சேவைக்குரியது என்று பிரித்துக்காட்டும் எண்கள்) சற்றும் மாறாமல் இரண்டிலும் இருக்கும் வரிகளே நீண்ட இணைப்புகள்.

ஓர் எச்சரிக்கை. வேகத்தைக் கூட்டுவதற்காகப் பாக்கெட்டுகளை நேரே சிப்புக்கு ஒப்படைக்கும் ‘ஆஃப்லோடிங்’ வசதியோ, மைக்ரோடிக்கின் ‘ஃபாஸ்ட்ட்ராக்’ வசதியோ இயங்கினால், காலக்கெடுவும் பைட் கணக்கும் உள்ளபடி தெரியாமல் போகலாம். ஆய்வு முடியும்வரை அதை அணைத்துவைப்பது நல்லது.

நான்காம் படி: செத்த வரிகளைப் பிரித்தெடுத்தல்

ஓர் இணைப்பு முறைப்படி முடியும்போது இரு பக்கமும் முடிவுக் குறியைப் பரிமாறிக்கொள்கின்றன. அதைப் பார்த்ததும் ரூட்டர் அந்த வரியைச் சில நிமிடங்களில் நீக்கிவிடும். ஆனால் கருவி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டால் ரூட்டருக்கு அது தெரிய வழியில்லை. தங்கியவர் சாவியைக் கொடுக்காமல் விடியற்காலையில் கிளம்பிப் போய்விட்ட பிறகும், விடுதிப் பதிவேட்டில் அவருடைய அறை நிரம்பியதாகவே நிற்பதைப் போன்ற நிலை இது.

நம் ஊர்களில் இது இரண்டு வகைகளில் மிகுதியாக நேர்கிறது. காலையில் பெங்களூர் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியதும், திறந்திருந்த இணைப்புகள் அத்தனையும் முடிவுக் குறி இல்லாமல் நின்றுபோகின்றன. மற்றொன்று மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், ரூட்டர் இன்வெர்ட்டரிலோ சிறிய யுபிஎஸ்ஸிலோ ஓடிக்கொண்டிருக்க, ஜெராக்ஸ் கடையின் கணினியும் சிசிடிவியின் டிவிஆர் பெட்டியும் பட்டென்று அணைந்தால், அவற்றின் இணைப்புகள் ரூட்டரின் பட்டியலில் அப்படியே தங்கிவிடும். கெடு ஐந்து நாளாக இருக்கும் ரூட்டரில் அந்த வரிகள் ஐந்து நாளும் நிற்கும்.

எனவே, எண் ஏறாமல் சீராக இறங்கிக்கொண்டே போகும் வரிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உறுதிசெய்ய விரும்பினால் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிப் பாருங்கள். மைக்ரோடிக்கில் வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கும் பொத்தானை அழுத்தலாம், லினக்ஸ் ரூட்டரில் கான்ட்ராக் கருவி அதைச் செய்யும். உள்ளே இருக்கும் கருவி உண்மையிலேயே பேசிக்கொண்டிருந்தால், அடுத்த பாக்கெட் வந்ததும் வரி மறுபடி தோன்றும். தோன்றாவிட்டால் அது செத்த வரிதான். அதற்காக எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: உயிருள்ள இணைப்பு எந்தக் கருவியுடையது?

வரியின் முதற்பாதியில் வரும் அனுப்புநர் முகவரியைக் குறித்துக்கொண்டு, டிஹெச்சிபி பட்டியலில் அதற்குரிய மேக் முகவரியையும் (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கருவிப் பெயரையும் தேடுங்கள். இங்கே இரண்டு தடைகள் வரக்கூடும். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்காலிக மேக் முகவரியைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. அதைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது அத்தகைய முகவரி என்று கொள்ளலாம். கிட்டத்தட்ட எப்போதும் அது ஒரு ஃபோனாகவோ மடிக்கணினியாகவோ இருக்கும், சிசிடிவியாக இராது.

இரண்டாவது தடை, மாடியில் யாரேனும் சிக்னல் போதவில்லை என்று தம் சொந்த ரூட்டரை வாங்கி, கேபிளை அதன் இணைய வாயிலில் செருகி வைத்திருப்பது. அப்போது அவருடைய அறையில் உள்ள பத்துக் கருவிகளும் கீழே உள்ள ரூட்டருக்கு ஒரே முகவரியாகத் தெரியும். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் இணைப்பு வைத்திருப்பதாகத் தவறாக எண்ணத் தோன்றும். அந்த ரூட்டரை அணுகல் முனையாக (ஆக்சஸ் பாயின்ட்) மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை அதன் உள்வாயில் ஒன்றில் செருகினால், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

எந்தக் கருவி என்று இன்னும் விளங்காவிட்டால், எல்லோரையும் ஒரே நேரத்தில் துண்டிப்பதைக் காட்டிலும், சந்தேகத்துக்குரிய கருவிகளை ஒவ்வொன்றாக ஐந்து நிமிடம் அணைத்து, எந்த வரியின் எண் இறங்கத் தொடங்குகிறது என்று கவனிப்பது மரியாதையான முறை.

ஆறாம் படி: இணைப்பு எங்கே போகிறது?

நீண்ட நேரம் நிற்பதற்கென்றே உருவாக்கப்பட்ட இணைப்புகள் பல உண்டு. இவற்றை அறிந்துவைத்தால் பட்டியலில் பெரும்பகுதியை ஒரு பார்வையில் ஒதுக்கிவிடலாம்.

ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு அறிவிப்புகளைக் கொண்டுவரும் கூகுள் சேவை 5228 முதல் 5230 வரையிலான போர்ட்டுகளில் ஓர் இணைப்பை நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும். ஆப்பிள் ஃபோன்களுக்கு அதே வேலையை 5223 செய்கிறது. இவை சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி உயிரைத் தக்கவைத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுதும் சேர்த்தாலும் பைட் கணக்கு மிகச் சிறிதாகவே இருக்கும். 993 போர்ட் என்றால் மின்னஞ்சல். புதிய அஞ்சல் வந்ததும் சொல்லும்படி சர்வரோடு காத்துக்கொண்டிருக்கும் அந்த முறையை வகுத்த 1997ஆம் ஆண்டின் தரநிலையே, 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்கிறது.

வைஃபை காலிங் என்பதைத்தான் மிகப்பலர் அறியாமல் சந்தேகப்படுகிறார்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய இந்த வசதியில், ஃபோன் வைஃபையில் இருக்கும் நேரமெல்லாம் தொலைபேசி நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு மறையாக்கப்பட்ட சுரங்க இணைப்பை யுடிபி (உறுதிசெய்துகொள்ளாமல் தரவு அனுப்பும் முறை) 4500 போர்ட்டில் திறந்தே வைத்திருக்கும். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அது நிற்கும். தளி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையோர ஊர்களில், கோபுர சிக்னல் வீட்டுக்குள் எட்டாத இடங்களில், இந்த வசதியை அணைக்கச் சொல்வது அவர்களுடைய ஃபோனையே பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். அதே 4500, 500, ஓப்பன்விபிஎன்னுக்குரிய 1194, வயர்கார்டு வழக்கமாகப் பயன்படுத்தும் 51820 ஆகியவை அலுவலக விபிஎன்னாகவும் (அலுவலக வலையமைப்புக்குச் செல்லும் மறையாக்கப்பட்ட இணைப்பு) இருக்கலாம். பெங்களூர் மென்பொருள் நிறுவனத்துக்கு ஓசூரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருடைய மடிக்கணினியில் அத்தகைய இணைப்பு எட்டு, பத்து மணி நேரம் நிற்பது இயல்பு.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பைட் ஓடுகிறது என்பதை வேறு ஊரில் வேண்டுமானால் சந்தேகத்துக்குரியதாக எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, படுக்கும் முன் வீடியோ பார்ப்பவர்கள் நிறைந்த ஓசூர்க் கட்டடத்தில் அது மாலை எட்டு மணியைப் போன்றதே.

443 போர்ட் மட்டும் இவ்வாறு எளிதில் பிரிபடாது. வலைத்தளம், வாட்ஸ்அப் வலைப்பக்கம், வீடியோ, கோப்புச் சேமிப்பு, விபிஎன் என எல்லாமே அதில் போகலாம். அங்கே பைட் கணக்குதான் துணை. நாள் முழுதும் நின்றும் சில நூறு கிலோபைட் மட்டுமே போயிருந்தால் அது காத்திருக்கும் இணைப்பு. பல ஜிபி உள்ளே வந்திருந்தால் வீடியோவோ பதிவிறக்கமோ. பல ஜிபி வெளியே போயிருந்தால், அது புகைப்படக் காப்பாகவோ கேமராவாகவோ இருக்கும். அல்லது அடுத்த படியில் வரும் ஆபத்துகளுள் ஒன்றாக இருக்கும்.

கேமராவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் மேகச் சேமிப்புக்கு இடைவிடாமல் அனுப்பும் ஒரு கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபியும், முப்பது நாளில் 648 ஜிபியும் அனுப்பிவிடும். பல ஃபைபர் திட்டங்களில் ‘வரம்பற்றது’ என்று சொல்லப்படுவது மாதத்துக்கு 3300 ஜிபி வரைதான். அதன் பிறகு வேகம் குறைக்கப்படும். பதிவேற்றமும் அந்தக் கணக்கில் சேரும் திட்டமாக இருந்தால், வாசலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, வண்டி நிறுத்துமிடத்தில் ஒன்று, கடைக்குள் இரண்டு என்று வைத்திருக்கும் ஐந்து கேமராக்களே அந்த வரம்பின் விளிம்பைத் தொட்டுவிடும்; மாடியில் குடியிருப்பவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பும்படி அமைப்பை மாற்றினால் இந்தச் சுமை பெருமளவு குறையும்.

ஏழாம் படி: உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை

வரியின் முதற்பாதியில் அனுப்புநராக உள்முகவரிக்குப் பதில் வெளிமுகவரி ஒன்று இருந்தால், அந்த இணைப்பை வெளியேயிருந்து யாரோ தொடங்கியிருக்கிறார் என்று பொருள். அதற்கு ரூட்டரில் போர்ட் திறந்திருக்க வேண்டும். டிவிஆரை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக எப்போதோ நிறுவியவர் திறந்துவிட்டுப் போன 8000, 37777, 554 போன்றவையோ, கணக்கு எழுதும் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கத் திறந்த 3389 போர்ட்டோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். யுபிஎன்பி வசதி இயங்கினால் உள்ளே இருக்கும் கருவிகள் யாரிடமும் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். பலர் பகிரும் ரூட்டரில் அதை அணைத்துவைப்பதே சரி. கணினித் திரைக்குரிய 3389 எக்காரணத்தாலும் நேரடியாக வெளியே திறந்திருக்கக் கூடாது. தேவையென்றால் விபிஎன் வழியாகச் செல்லலாம்.

ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரு பொதுமுகவரிக்குள் அடக்கியிருக்கிறது. அப்போது பழைய முகவரி முறையான ஐபிவி4 வழியாக இணையத்திலிருந்து எவரும் நேரடியாக உள்ளே வர இயலாது. ஆனால் புதிய முகவரி முறையான ஐபிவி6 இயங்கினால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொதுமுகவரி இருக்கும் என்பதால், ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

உள்ளேயிருந்து வெளியே போவதில் கவனிக்க வேண்டியவை வேறு. கேமரா அல்லது டிவிஆரின் முகவரியிலிருந்து 23, 2323 போர்ட்டுகளை நோக்கி நூற்றுக்கணக்கான வெவ்வேறு முகவரிகளுக்குப் பதிலில்லாத முயற்சிகள் வரிசையாகத் தெரிந்தால், அந்தக் கருவி தொற்றுக்கு ஆளாகியிருக்கிறது என்று கொள்ளலாம். 2016இல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்த மிராய் நச்சுநிரல் இப்படித்தான், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டு பரவியது. அது நினைவகத்தில் மட்டுமே தங்குவது என்பதால் கருவியை அணைத்து ஏற்றினால் போய்விடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமல், போர்ட்டை மூடாமல் மறுபடி இணையத்தில் விட்டால் விரைவிலேயே திரும்ப வந்துவிடும்.

மலிவு விலையில், தயாரித்தவர் பெயரே தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பேட்பாக்ஸ் 2.0 என்ற வலைப்பின்னலில் இத்தகைய பெட்டிகள் சிக்கியிருப்பதைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விடுத்தது. சில பெட்டிகளில் விற்பனைக்கு வரும் முன்பே பின்கதவு நிரல் இருந்தது. அத்தகைய பெட்டி, டிவி அணைந்திருக்கும் நேரத்திலும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் போக்குவரத்தை உங்கள் முகவரி வழியாக அனுப்பக்கூடும். டிவி அணைந்த பிறகும் இருதிசையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பைட் ஏறிக்கொண்டே இருப்பது அதற்கு நல்ல அடையாளம். அந்தப் பெட்டியைச் சரிசெய்ய முயல வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

கணினியில் தொற்று இருப்பதாகத் தோன்றினால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 முதல் நடத்திவரும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவச நீக்குக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எட்டாம் படி: காலக்கெடுவைத் திருத்துதல்

செத்த வரிகள் தம்மளவில் இணையத்தை மெதுவாக்குவதில்லை. ஒவ்வொன்றும் ரூட்டரின் நினைவகத்தில் சில நூறு பைட்டைத்தான் பிடிக்கும். பட்டியலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதில்தான் தொல்லை. வரம்பு நிறைந்துவிட்டால் ஏற்கெனவே ஓடும் வீடியோ தடையின்றி ஓடும், புதிதாகத் திறக்கும் தளம் மட்டும் திறக்காது. சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றால் திறக்கும். இந்த அடையாளம் கண்டால் ரூட்டரின் பதிவுக் குறிப்பில் பட்டியல் நிறைந்துவிட்டதால் பாக்கெட் கைவிடப்பட்டதாகச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒருவர் டோரன்ட் (பலரிடமிருந்து ஒரே நேரத்தில் கோப்பை இறக்கும் முறை) ஓட்டினாலே சிறிய ரூட்டரில் இந்நிலை வந்துவிடும்.

தீர்வாகச் சிலர் கெடுவைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கணினிகள், அசைவற்ற இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்க அனுப்பும் பாக்கெட் இயல்பாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையே போகும். அதனால்தான் 2008இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5382 தரநிலை, நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் கைவிடக் கூடாது என்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் 7440 நொடி அதே அளவுதான். ஐந்து நாள் என்று இருப்பதை 7440க்குக் குறைப்பது பாதுகாப்பானது. அதற்குக் கீழே இறங்கினால், மேசையை விட்டுச் சற்று எழுந்து போய்வந்தவரின் தொலைநிலைத் திரையும் எஸ்எஸ்ஹெச் சாளரமும் காரணம் தெரியாமல் உறைந்து நிற்கும். யுடிபிக்கு இருதிசையும் பேசிய இணைப்பை இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது வைஃபை காலிங்காகத்தான் இருக்கும்.

கெடுவை மாற்றியதும் பழைய வரிகள் தாமாகக் குறுகிவிடுவதில்லை. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் வரி பழைய கணக்கிலேயே இறங்கும். அடுத்த பாக்கெட் வந்தால்தான் புதிய கெடு அதற்குப் பொருந்தும். செத்த வரிக்கு அடுத்த பாக்கெட் வரப்போவதில்லை. ஆகவே மாற்றத்தைச் செய்த பின், கட்டடத்தில் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பட்டியலை முழுதாக ஒருமுறை காலிசெய்யுங்கள் அல்லது ரூட்டரை அணைத்து ஏற்றுங்கள்.

ஒன்பதாம் படி: கட்டடத்துக்கேற்ற ஏற்பாடு

டிவிஆர், பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி போன்ற நிலையான கருவிகளுக்கு டிஹெச்சிபியில் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிப் பெயர் எழுதிவையுங்கள். அடுத்த முறை பட்டியலைப் படிப்பது பாதி வேலையாகிவிடும். குடியிருப்போருக்குத் தனி வைஃபை பெயரும், கடைக்கும் கேமராக்களுக்கும் தனி வலையமைப்பும் கொடுத்தால், ஒரு பக்கத்துத் தொற்று மறுபக்கத்தைத் தொடாது. ஒரு முகவரி ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய இணைப்புகளுக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால், அதைச் சில நூறு என்ற அளவில் தாராளமாக வையுங்கள். இக்கால வலைப்பக்கம் ஒன்றே பத்து இருபது இணைப்புகளைத் திறக்கிறது.

இந்தப் பட்டியல் யார் எந்தச் சர்வரோடு பேசுகிறார் என்பதைக் காட்டுவது. தொல்லைக்குக் காரணம் கண்டறியும் அளவுக்கு மேல் அதைத் துருவுவது முறையல்ல. வீட்டு உரிமையாளருக்குக்கூட அந்த உரிமை இருப்பதாக நான் கருதவில்லை. கேட்க வேண்டியது இருந்தால் ‘உங்கள் அறையில் இந்த முகவரியில் இருக்கும் கருவி எது?’ என்று கேட்டாலே போதும்.

இவ்வளவும் செய்த பின்னர், பட்டியல் சுத்தமாக இருந்தும், மாலை வேளையில் வீடியோ அழைப்பு திக்கித் திணறுகிறது என்றால், காரணம் இணைப்புகளின் நீளத்திலோ எண்ணிக்கையிலோ இல்லை. யாரோ ஒருவருடைய புகைப்படக் காப்பு பதிவேற்றப் பாதையை நிரப்பிவிட, மற்றவர்களுடைய சிறு பாக்கெட்டுகள் அதன் பின்னால் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டே பிங் நேரத்தை (ஒரு சிறு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லிநொடியாக இருந்தது பல நூறாக ஏறினால் அதுவே சான்று. ரூட்டரில் எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் அதை இயக்கி, பதிவேற்ற, பதிவிறக்க வேகங்களை அளந்து கிடைத்த வேகத்தில் 85 முதல் 95 விழுக்காடு வரை வைத்து, அதே சோதனையை மறுபடி செய்து, பிங் ஏறாமல் நிற்கும் அளவில் விட்டுவிடுங்கள்.